உலக வனப்பெழுத்துகள்: மலையகத்தில் இருந்தபடியே பழக ஒரு முழு வழிகாட்டி

காலிகிராஃபி, அதாவது வனப்பெழுத்து, பழக ஆசைப்படும் பிள்ளைகள் பெரும்பாலும் போனில் ஒரு வீடியோவைப் பார்த்துத்தான் தொடங்குகிறார்கள். யாரோ ஒருவர் கண்மூடித் திறப்பதற்குள் ஒரு பெயரைச் சுழித்து எழுதி முடிக்கிறார். அதே சுழிப்பைச் சாதாரண பேனாவால் கொப்பியில் போட்டுப் பார்த்துவிட்டு, "நமக்குக் கை வராது" என்று மூடி வைத்துவிடுகிறார்கள். கையில் ஒரு குறையும் இல்லை. சுழிப்பு கடைசியில் வர வேண்டியது. முதலில் கைக்குப் பழக வேண்டியது கருவி.

எந்த நாட்டு வனப்பெழுத்தை எடுத்தாலும் அதன் தடிப்பும் மெலிவும் கருவியின் நுனியில் பிறந்தவை. ஐரோப்பாவின் பழைய எழுத்துகளும் அறபு எழுத்தும் தட்டை நுனியில் வளர்ந்தன. பழைய ஆங்கிலக் கடிதங்களில் பார்க்கிற மயிரிழைச் சாய்வெழுத்து கூர்நுனியில் வந்தது. சீனா, ஜப்பான், கொரியா மூன்றுக்கும் தூரிகை. தமிழும் சிங்களமும் நெடுங்காலம் ஓலையில் எழுத்தாணியோடு வாழ்ந்தவை. இந்த வழிகாட்டி அந்த நான்கு கருவிகளைப் பிடித்துக்கொண்டு போகிறது. ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளை என்று எங்கே இருந்தாலும், பெரிய காசு செலவழிக்காமல் தொடங்கலாம்.

கொழும்புக்குப் போகும் வாய்ப்பு வந்தால் தேசிய அருங்காட்சியகத்தில் ஒரு கல்லைக் கட்டாயம் பாருங்கள். சீனக் கடற்படைத் தளபதி செங் ஹே காலத்தில், 1409-ஆம் ஆண்டு தேதியிட்டு வெட்டப்பட்டது. 1911-இல் காலியில் கிடைத்தது. ஒரே கல்லில் மூன்று மொழி. சீனப் பகுதி புத்தரையும், தமிழ்ப் பகுதி தென்னாவரை நாயனார் என்ற தெய்வத்தையும், பாரசீகப் பகுதி அல்லாஹ்வையும் போற்றுகின்றன. ஒன்று மேலிருந்து கீழே, ஒன்று இடமிருந்து வலம், ஒன்று வலமிருந்து இடம். உலக எழுத்துகளைப் பழகப் போகும் ஒரு மலையகப் பிள்ளைக்கு இதைவிட நல்ல முதல் பாடம் எனக்குத் தெரியாது.

படி 1: இரண்டு பென்சில்

கடைக்குப் போகும் முன் வீட்டில் இருப்பதை எடுங்கள். இரண்டு பென்சில்களை ஒன்றோடொன்று ஒட்டி, ரப்பர் பேண்ட் போட்டு இறுக்கிக் கட்டுங்கள். இரண்டு முனையும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். இந்த இரண்டு முனைக்கும் இடைப்பட்ட தூரம்தான் உங்கள் பேனா நுனியின் அகலம்.

இப்போது இடது முனை கொஞ்சம் கீழே, வலது முனை கொஞ்சம் மேலே வருமாறு, கோட்டிலிருந்து ஏறக்குறைய 30 பாகை சாய்த்துத் தாளில் வையுங்கள். எந்தப் பக்கம் இழுத்தாலும் அந்தச் சாய்வு மாறக்கூடாது. கையைத் திருப்பாமல், மணிக்கட்டை முறுக்காமல் ஒரு வட்டம் போடுங்கள். மணிக்கூட்டில் 11-உம் 5-உம் இருக்கும் இடங்களில் இரண்டு கோடும் சேர்ந்து ஒன்றாகும். 2-க்கும் 8-க்கும் பக்கத்தில் அகலமாக விரியும். தடிப்பும் மெலிவும் அழுத்துவதால் வரவில்லை, திசையால் வருகிறது என்பது அந்த ஒரு வட்டத்தில் கண்ணுக்குத் தெரிந்துவிடும்.

கோணம் சரியா என்று பார்க்க ஒரு கூட்டல் குறி போடுங்கள். 45 பாகையில் பிடித்தால் நெடுக்கும் குறுக்கும் ஒரே தடிப்பில் வரும். 30 பாகையில் நெடுக்கு தடித்து, குறுக்கு மெலியும். எழுதிக்கொண்டிருக்கும்போது சந்தேகம் வந்தால் தாளின் ஓரத்தில் ஒரு கூட்டல் குறி போட்டுப் பார்ப்பது நல்ல பழக்கம்.

படி 2: மூங்கிலில் பேனா சீவுதல்

கடையில் வாங்குவதானால் பைலட் பேரலல் பென் நல்லது. 1.5, 2.4, 3.8, 6.0 மில்லிமீற்றர் என்று நுனி வரும், தொடங்குகிறவருக்கு 3.8 போதும். ஆனால் சிறிய டவுன்களில் கிடைக்காது, விலையும் கூட. நம்மிடம் மூங்கில் இருக்கிறது. நான் யாருக்கும் முதலில் மூங்கிலைத்தான் கொடுப்பேன். பேனாவைத் தானே சீவியவருக்கு எழுத்து ஏன் அப்படி விழுகிறது என்று யாரும் விளக்கத் தேவையில்லை.

முற்றிக் காய்ந்த மூங்கிலாக இருக்க வேண்டும். பச்சையாக வெட்டினால் காயும்போது வெடிக்கும். சுண்டுவிரல் தடிப்பில், கணு இல்லாத ஒரு 18 சென்டிமீற்றர் துண்டு எடுங்கள். கூரான பேப்பர் கத்தியால், நுனியிலிருந்து 3 சென்டிமீற்றர் மேலே தொடங்கி, ஒரு நீண்ட சரிவாகச் சீவி இறக்குங்கள். கத்தி எப்போதும் உடம்புக்கு வெளியே போகட்டும். உள்ளே தெரியும் மென்மையான பகுதியைச் சுரண்டி எடுத்துவிடுங்கள். வெளிப்புறத்துப் பளபளப்பான தோல்தான் எழுதப் போகும் பகுதி. அப்புறம் இரண்டு பக்கமும் தோள் போல ஒதுக்கி, நுனியை 4 மில்லிமீற்றர் அகலத்துக்குக் கொண்டுவாருங்கள்.

நடுவில் கத்தி முனையை வைத்து மெல்ல அழுத்தி, ஒரு சென்டிமீற்றருக்குக் கொஞ்சம் கூடுதலாக ஒரு கீறல் விடுங்கள். மை இறங்கும் வழி அது. கடைசியாக நுனியை ஒரு கடினமான பலகையில் வைத்து, கத்தியை நேராக நிறுத்தி, ஒரே அழுத்தில் வெட்டுங்கள். இரண்டு முறை வெட்டினால் நுனி பிசிறும். பிசிறு இருந்தால் மெல்லிய உப்புத்தாளில் ஓரிரு தடவை தேய்த்தால் போதும். மை சீக்கிரம் தீர்ந்துபோகிறதென்றால், குளிர்பான அலுமினியக் கேனில் ஒரு மெல்லிய பட்டியை வெட்டி வளைத்து, நுனியின் உட்பக்கம் செருகுங்கள். அது கொஞ்சம் மையைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

படி 3: மையும் தாளும் ஈரமும்

போட்டோகொப்பி எடுக்கும் 80 கிராம் தாளில் மை ஊறிப் பரவும். மழைக்காலத்தில் இன்னும் மோசம். பயிற்சிக்கு 100 கிராமுக்கு மேற்பட்ட வழவழப்பான தாள் பாருங்கள். முடித்த வேலைக்கு பிரிஸ்டல் போர்ட் நன்றாக இருக்கும். நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிற ஊர். மூடுபனி வீட்டுக்குள்ளேயே வந்து போகும். லயத்துச் சுவரில் சாய்த்து வைத்த தாள் ஓர் இரவில் தொய்ந்துவிடும். பிஸ்கட் டின்னுக்குள், துணியில் முடிந்த கொஞ்சம் காய்ந்த அரிசியோடு தாளை வைத்தால் ஈரம் பிடிக்காது.

மை கடையில் வாங்கலாம். ஆனால் தேயிலை விளையும் இடத்தில் இருந்துகொண்டு தேயிலை மை செய்யாமல் இருக்கக்கூடாது. ஐரோப்பாவில் பல நூற்றாண்டுகள் எழுதிய கருமை, ஓக் மரத்துக் காய்ப்புகளில் இருக்கும் துவர்ப்புச் சத்தும் இரும்பு உப்பும் சேர்ந்து உண்டானது. நம் தேயிலையிலும் அதே வகைத் துவர்ப்பு உண்டு.

1. துருப்பிடித்த ஆணிகளை ஒரு போத்தலில் போட்டு, மூழ்கும் வரை வினாகிரி ஊற்றி ஒரு வாரம் வையுங்கள். வாயு வெளியேறும் என்பதால் மூடியை இறுக்காதீர்கள். யன்னல் பக்கம், சின்னப் பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள்.
2. இரண்டு மேசைக்கரண்டி தேயிலைத்தூளை ஒரு கோப்பை நீரில் பாதியாக வற்றும் வரை காய்ச்சி வடியுங்கள்.
3. ஆறிய சாயத்தில் ஆணி நீரைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். செம்மை அப்படியே கருத்துப்போகும்.
4. நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் கருவேலம்பிசினைக் கரைத்துச் சேர்த்தால் மை தாளில் நிற்கும். ஒரு கிராம்பு போட்டால் பூஞ்சணம் பிடிக்காது.

இந்த மை அமிலம். உலோக நுனியை அரித்துவிடும், தாளையும் காலப்போக்கில் கெடுக்கும். ஆகவே மூங்கில் பேனாவுக்கும் பயிற்சிக்கும் மட்டும். யாருக்காவது கொடுக்கும் வேலைக்குக் கடை மை.

படி 4: ஐரோப்பிய எழுத்துகள்

ஏன் முதலில் ஆங்கில எழுத்து என்று சிலர் கேட்பதுண்டு. அளவுகளும் வரிசையும் தெளிவாக வகுக்கப்பட்டிருப்பதால்தான். கையைப் பழக்க அது மிகவும் உதவும்.

எட்வர்ட் ஜோன்ஸ்டன் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் இந்தக் கலைக்கு மறுபடி உயிர் கொடுத்தவர். பைபிளின் சங்கீதங்கள் அடங்கிய, 10-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ராம்சே சுவடியைப் பார்த்துப் பார்த்து, மாணவர்களுக்கென்று ஒரு வட்டமான எழுத்தை வகுத்தார். அடிப்படை எழுத்து என்று அதைச் சொல்வோம். 1916-இல் லண்டன் சுரங்க ரயிலுக்கு வந்த எழுத்தும் அவருடையதுதான்.

அடிப்படை எழுத்துக்குப் பேனாச் சாய்வு 30 பாகை. எழுத்தின் உயரம் நுனி அகலத்தைப் போல நான்கு மடங்கு. 4 மில்லிமீற்றர் மூங்கிலுக்கு 16 மில்லிமீற்றர் இடைவெளியில் கோடு போடுங்கள். ஓரத்தில் பேனாவை நிமிர்த்திப் பிடித்து, படிக்கட்டு போல நான்கு சதுரங்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தால் அளவு தவறாது. முதலில் ஆங்கிலச் சிறிய எழுத்து ஓ. இடது அரைவட்டம் ஒரு இழுப்பு, பேனாவை எடுத்து மேலே வைத்து வலது அரைவட்டம் இன்னொரு இழுப்பு. அந்த வட்டம் கைக்கு வந்தபின் சீ, ஈ, டி, பி, கியூ. அப்புறம் அதே வட்டத்தின் தோளை எடுத்து என், எம், எச். சாய்ந்த கோடுள்ள எழுத்துகளைக் கடைசிக்கு விடுங்கள். தினமும் அரைமணி நேரம், ஒரு மாதம் இதிலேயே நின்றால் போதும்.

அடுத்தது இட்டாலிக். 15-ஆம் நூற்றாண்டில் ஃபுளோரன்ஸ் நகரில் நிக்கோலோ நிக்கோலி வேகமாக எழுதிய கையெழுத்திலிருந்து வளர்ந்தது. 1522-இல் லுடோவிக்கோ அர்ரிகி இதைக் கற்றுக்கொடுக்க ஒரு சிறு அச்சுப் புத்தகமே வெளியிட்டார். பேனாச் சாய்வு 45 பாகை, உயரம் ஐந்து நுனி அகலம், எழுத்து வலப்பக்கம் 5 முதல் 10 பாகை வரை சாயும். வட்டம் இங்கே நீள்வட்டம் ஆகிவிடும். கல்யாணக் கார்டில் ஆங்கிலப் பெயர் எழுத வேண்டுமானால் இதைவிடப் பொருத்தமான எழுத்து இல்லை.

கறுப்பெழுத்து, அதாவது கோதிக், பார்க்கப் பயமாக இருந்தாலும் எழுதச் சுலபம். எல்லாம் நெருக்கமான நேர்க்கோடுகள், மேலும் கீழும் சாய்சதுர முடிச்சு. தோல்தாளில் இடத்தை மிச்சம் பிடிக்க நெருக்கி எழுதிய முறை இது. 1455 அளவில் குட்டன்பேர்க் பைபிளை அச்சிட்டபோது எழுத்தச்சுகளை இந்த வடிவில்தான் வார்த்தார்.

கூர்நுனிச் சாய்வெழுத்துக்கு மட்டும் வேறு பேனா வேண்டும். கூர்நுனி அழுத்தினால் இரண்டாகப் பிரிந்து விரியும். இறங்கும்போது அழுத்து, ஏறும்போது தூக்கு. எழுத்து அடிக்கோட்டிலிருந்து ஏறக்குறைய 55 பாகையில் சாய்ந்து நிற்கும். பொறுமை கூடியவர்களுக்கான வேலை. தட்டை நுனி கைவசமாகும் வரை இதைத் தொடாதீர்கள். இரண்டும் ஒரே நேரத்தில் பழகினால் தட்டை நுனியையும் அழுத்தத் தொடங்கிவிடும் கை.

படி 5: அறபு எழுத்து

அக்குறணை, கம்பளை, கண்டி என்று மலைநாட்டில் பள்ளிவாசல் இல்லாத ஊர் குறைவு. அந்தச் சுவர்களில் இருக்கும் எழுத்தை ஒருமுறை நின்று பாருங்கள். இலங்கையிலும் தமிழ்நாட்டிலும் முஸ்லிம்கள் தமிழையே அறபு எழுத்தில் எழுதிய அறபுத்தமிழ் என்ற மரபும் இருக்கிறது. ஆகவே இது நமக்கு அந்நியமான எழுத்தில்லை.

அப்பாசியர் காலத்துப் பக்தாதில் அமைச்சராக இருந்த இப்னு முக்லா இந்தக் கலைக்கு அளவுகோல் கொடுத்தவர். பேனாவைத் தாளில் வைத்துக் கொஞ்சம் இழுத்தால் விழும் சாய்சதுரப் புள்ளிதான் அந்த அளவுகோல். நேர்க்கோடாக நிற்கும் முதல் எழுத்தான அலிஃப் இத்தனை புள்ளி உயரம், அந்த அலிஃபை விட்டமாகக் கொண்ட வட்டத்துக்குள் மற்ற எழுத்துகளின் வளைவு. எந்தப் பேனாவை எடுத்தாலும் விகிதம் மாறாது. அரசியல் சூழ்ச்சியில் வலது கை வெட்டப்பட்டு, 940-இல் சிறையில் இறந்தார். அவர் வகுத்த கணக்கில்தான் இன்றும் எழுதுகிறார்கள்.

பாணிகள் பல. பழைய கூஃபி கோணலும் நேருமாக நிற்கும். சதுரக் கட்டத்தாளில் வரைந்தே அதைப் பழகலாம். நஸ்க் படிப்பதற்கு எளிதான புத்தக எழுத்து. துலுத் உயரமானது, பள்ளிவாசல் முகப்புகளில் பெரும்பாலும் அதுதான். அலிஃப் பொதுவாக ஏழு புள்ளி உயரம். பாரசீகத்தில் 14-ஆம் நூற்றாண்டில் உருவான நஸ்தலீக் மேல் வலப்பக்கமிருந்து கீழ் இடப்பக்கம் தொங்கி இறங்கும். கவிதைக்கென்றே பிறந்த எழுத்து.

பழகும் முறை: மூங்கில் பேனாவின் நுனியை இந்த முறை நேராக வெட்டாமல் சரிவாக வெட்டுங்கள். முதல் கிழமை முழுவதும் புள்ளி மட்டும். நாலு மூலையும் கூராக, ஒரே அளவில் விழ வேண்டும். அப்புறம் அலிஃப், பக்கத்தில் புள்ளிகளை அடுக்கி உயரத்தைச் சரிபாருங்கள். அப்புறம் அடுத்த எழுத்தான பே. துருக்கிய மரபில் ஆசிரியர் தரும் முதல் பாடம், "இறைவா, எளிதாக்கு, கடினமாக்காதே, நன்மையாக முடித்து வை" என்ற பிரார்த்தனை. மாணவர் அதை எழுதிக் கொண்டுபோவார், ஆசிரியர் சிவப்பு மையில் திருத்துவார். ஆண்டுக்கணக்கில் இது நடந்தபின்தான் தன் பெயரைக் கையொப்பமாக இட உரிமை கிடைக்கும். உங்கள் ஊரில் அறபு தெரிந்த மௌலவி ஒருவரிடம் காட்டித் திருத்திக்கொள்ளுங்கள். புள்ளி ஒன்று இடம் மாறினாலும் வேறு எழுத்தாகிவிடும் மொழி அது. வேத வசனத்தை எழுதும் முன் இந்தக் கவனம் கட்டாயம்.

படி 6: தூரிகை

தூரிகைக்கு வந்ததும் கை பழகியதில் பாதியை மறக்க வேண்டும். இங்கே நுனிச் சாய்வு இல்லை. தூரிகையைச் செங்குத்தாகப் பிடித்து, மணிக்கட்டை மேசையில் ஊன்றாமல் தோளிலிருந்து எழுத வேண்டும். அழுத்தமும் வேகமும் நிறுத்தமுமே எழுத்து.

சீனத்தில் ஐந்து பெரிய பாணிகள்: முத்திரை எழுத்து, அலுவலக எழுத்து, ஒழுங்கெழுத்து, ஓட்ட எழுத்து, புல்லெழுத்து எனப்படும் வேக எழுத்து. கிபி 353-இல் வாங் ஷீச்சி எழுதிய ஓர்க்கிட் மண்டப முன்னுரை ஓட்ட எழுத்தின் சிகரம். மூலம் தொலைந்துவிட்டது, பிற்காலப் பிரதிகளைப் பார்த்துத்தான் இன்றும் படிக்கிறார்கள்.

தொடங்குகிறவர் ஒழுங்கெழுத்தில் தொடங்க வேண்டும். நித்தியம் என்று பொருள்படும் யோங் என்ற ஒரே எழுத்தில் எட்டு அடிப்படை வீச்சுகளும் அடங்கியிருப்பதால் அதையே திரும்பத் திரும்ப எழுதுவார்கள். கிடைக்கோடு ஒன்றை மட்டும் இங்கே சொல்கிறேன். கோடு வலப்பக்கம் போக வேண்டுமானால், தூரிகையின் நுனியை முதலில் கொஞ்சம் இடப்பக்கம் வைத்து, அழுத்தித் திருப்பி, பிறகு வலப்பக்கம் நகர்த்துங்கள். முடிவில் நின்று, அழுத்தி, வந்த வழியே சிறிது திரும்பித் தூக்குங்கள். இரண்டு முனையும் எலும்பின் முனைபோல் உருண்டு நிற்கும்.

இதற்குத் தாளை வீணாக்க வேண்டாம். சீனப் பூங்காக்களில் வயதானவர்கள் பெரிய தூரிகையைத் தண்ணீரில் தோய்த்துத் தரையில் எழுதிப் பழகுவார்கள். நம் இஸ்தோப்புச் சீமெந்துத் தரை அதற்கு அருமையான இடம்.

ஜப்பானில் ஆண்டின் முதல் எழுத்தை சனவரி 2-ஆம் தேதி எழுதுவது வழக்கம். அவர்களது ஹிரகானா சீனத்து வேக எழுத்திலிருந்து மென்மையாகி வந்தது. தமிழ் பழகிய கைக்கு அந்த வளைவுகள் சீக்கிரம் ஒத்துவரும்.

படி 7: ஓலை

மாத்தளை டவுனிலிருந்து வடக்கே சிறிது தூரத்தில் அலுவிகாரை இருக்கிறது. கிமு முதலாம் நூற்றாண்டில், வலகம்பா மன்னன் காலத்தில், அதுவரை வாய்வழியாக வந்த பௌத்த மறையான திரிபிடகம் முதன்முதலில் எழுதப்பட்ட இடம் என்று அறியப்படுவது. அங்கே ஓலையில் எழுதிக் காட்டுவார்கள். தாளிப்பனையின் இளம் ஓலையை நரம்பு நீக்கி, அவித்து, காயவைத்து, வழவழப்பாகத் தேய்த்துப் பதப்படுத்துவது முதல் வேலை. எழுத்தாணியால் கீறும்போது எதுவும் கண்ணுக்குத் தெளிவாகத் தெரியாது. கரியும் எண்ணெயும் கலந்து பூசித் துடைத்ததும் கீறலில் மட்டும் கருமை நின்று எழுத்து எழும்பும்.

பக்கத்தில் நின்று கையைக் கவனியுங்கள். இடது பெருவிரல் எழுத்தாணியைத் தாங்கித் தள்ளும். ஓலையும் கூடவே நகரும். நேர்க்கோட்டை நரம்போடு சேர்த்துக் கீறினால் ஓலை கிழியும் என்பதால்தான் தென்னாட்டு எழுத்துகள் உருண்டன என்று அறிஞர் பலர் சொல்வார்கள். மெய்யெழுத்தின் புள்ளியையும் ஓலை பொத்துப்போகாமல் இருக்கப் பழையவர்கள் பெரும்பாலும் விட்டுவிட்டார்கள். கீறிய கோட்டில் தடிப்பு மெலிவு கிடையாது. நம் எழுத்தின் அழகு வளைவிலும் இடைவெளியிலும் இருக்கிறது.

படி 8: தமிழுக்கு வருதல்

சனிக்கிழமைகளில் எழுதப் பழக வரும் ஒரு பிள்ளை கேட்டாள்: "அண்ணே, எங்க தோட்டத்துக் கோவிலுக்குத் தேர் போர்ட் எழுதணும். தமிழ அறபு மாதிரி வளைச்சு எழுதலாமா?" வேண்டாம் என்றுதான் சொன்னேன். இன்னொரு எழுத்தின் தோற்றத்தைத் தமிழின்மேல் போர்த்துவது வேடம் கட்டுவதாகிவிடும். அந்த எழுத்தின் கருவியை எடுத்து, தமிழைத் தமிழாகவே எழுதிப் பார்த்தால் கருவியே புதிய அழகைக் கொடுக்கும்.

தட்டை நுனியை 30 பாகையில் பிடியுங்கள். உயரத்தை நான்கு நுனி அகலத்தில் வைக்காதீர்கள். இ, ஞ, ழ, ணி போன்றவற்றின் உட்சுழிகள் அடைபட்டுவிடும். ஆறு நுனி அகலம் வைத்தால் மூச்சு விடும். ப-வில் தொடங்குங்கள். இடது கோடு இறக்கம், அடிக்கோடு, வலது கோடு தனியாக இறக்கம்: மூன்று இழுப்பு. ப வந்தால் ம, ய, ட வரும். அடுத்த கூட்டம் வ, ல, ன, ள, ண. க, த, ச கடைசியில். துணைக்கால் ரகரமாகத் தோன்றாமல், ர-வின் காலுக்குத் தெளிவான சாய்வு கொடுங்கள். புள்ளியை அறபுப் புள்ளிபோலவே ஒரு இழுப்பில் சாய்சதுரமாக வையுங்கள். தட்டை நுனிக்கு அதுதான் இயல்பு.

அலங்காரச் சுழிப்பில் தமிழுக்கென்று ஒரு கண்டிப்பு உண்டு. இங்கே ஒவ்வொரு சுழியும் பொருள் சுமக்கிறது. ன-வில் ஒரு சுழி கூடினால் ண. ம-வின் மேலே வளைவை நீட்டினால் மி, கீழே இழுத்தால் மு. ஆகவே ஏற்கெனவே வாலாக இருப்பதைத்தான் நீட்ட வேண்டும்: ஆ-வின் வால், ழ-வின் கால், ரு, கு போன்றவற்றின் கீழ்வளைவு. எழுதி முடித்ததும், என்ன எழுதியிருக்கிறது என்று சொல்லாமல் வீட்டில் ஒருவரை வாசிக்கச் சொல்லுங்கள். அவர் தடுமாறும் இடத்தில் சுழிப்பைக் குறையுங்கள்.

போர்ட் எழுதுவதானால் ஒரு அங்குலத் தட்டைத் தூரிகையும் எனாமல் பெயின்டும். அதுவும் தட்டை நுனிதான், கோணமும் அதேதான். முதலில் அதே அளவு பழைய பத்திரிகைத் தாளில் முழு வரியையும் எழுதி, நீளம் தெரிந்த பின், சாக்குக்கட்டியால் போர்டில் கோடு போட்டுத் தொடங்குங்கள். குளிரிலும் பனியிலும் எனாமல் காயச் சுணங்கும். ஹட்டன், நுவரெலியாப் பக்கம் சனவரி முதல் மார்ச் வரை வெயில் பார்த்து எழுதலாம். பதுளை, பண்டாரவளைப் பக்கம் ஜூலை முதல் செப்டெம்பர் வரை. காலை பத்து மணிக்குப் பனி விலகிய பின் தொடங்கி, மாலை மூடுபனி இறங்குவதற்குள் போர்டை உள்ளே எடுத்து, நிமிர்த்தி வைக்காமல் தட்டையாகக் கிடத்துங்கள். முதல் பூச்சு ஒட்டாமல் காய்ந்த பிறகே இரண்டாவது பூச்சு.